கட்டுத்தரையில் ஊற்றிய கலசம்

எங்கள் சபைக்கு அந்த உபதேசியார் வந்தது சண்டைக் காலத்தில். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்கள் பின்புறம் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. பர்மா அரிசி நின்றுபோனதால் அரிசி தின்றவர்களும் ராகிக்கு வந்துவிட்டார்கள். சந்தையில் நாலு பேர் கூடினால் விலைவாசி பேசி முடிந்தவுடன் உலகம் எப்போது முடியும் என்று பேசினார்கள். அப்படிப்பட்ட நாளில்தான் அவர் வேதத்தில் உலக முடிவைச் சொல்கிற கடைசிப் பாகத்தை எடுத்து ஞாயிறுதோறும் பிரசங்கம் பண்ண ஆரம்பித்தார்.

அவர் தெற்கத்திச் சீமைக்காரர். எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு "ங்க" போடாவிட்டால் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அவர் பேச்சு மொட்டையாக இருந்ததால் முதலில் எங்களுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. பிறகு பழகிவிட்டது. உயரமான ஒல்லி மனிதர். கண்ணாடி கிடையாது, வேதத்தைக் கையை நீட்டி எட்டப் பிடித்துத்தான் வாசிப்பார். துணியில் எழுதின படச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்கும் எருமப்பட்டிப் பக்கத்துக்கும் நடந்தே போய்வருவார். பங்கீட்டில் கிடைத்த தானியத்தில் பாதியைச் சபையிலிருந்த விதவைகள் வீட்டில் கொடுத்துவிட்டு, "எனக்கு வயிறு சின்னது" என்பார். சம்சாரம் இறந்துபோய்த் தனியாக இருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பை அப்போதே எழுதச் சொல்லியிருந்தால் ஒரு மாதிரி எழுதியிருப்பேன். பின்னால் நடந்ததற்குப் பிறகு அது வேறே மாதிரி ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாங்கள் முப்பது குடும்பம். பாதிப்பேர் கூலிக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் ஒரு மாடாவது உண்டு. மீதிப்பேருக்குக் காடு என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலம் கொஞ்சமும் ஒரு கிணறும் இருந்தன. கோயிலுக்கு மண் சுவர், ஓலைக் கூரை. மணிக்குப் பதில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை அடிப்பவன் நான். மூப்பர்களில் நானும் ஒருவன்.

கடைசிப் பாகம் என்றவுடன் எங்களுக்கெல்லாம் மிருகமும் எக்காளமும் கலசமும் கேட்க ஆசை. உபதேசியாரோ ஏழு சபைகளுக்கு எழுதின கடிதங்களிலேயே நாலு ஞாயிறு நின்றுவிட்டார். ஆண்டவர் குத்துவிளக்குகளின் நடுவே நடக்கிறார், அக்கினி போன்ற அந்தக் கண் முதலில் பார்ப்பது விளக்கைத்தான், வெளியே இருக்கிற இருட்டை அல்ல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களுக்குக் கொட்டாவி வந்தது. ஒரு மூப்பர் பொறுக்கமாட்டாமல், "மிருகத்துக்கு எப்பங்க வருவீங்க?" என்றே கேட்டுவிட்டார். உபதேசியார் சிரித்தார். பிறகு எங்களுக்காகவோ என்னவோ, வேகமாக முன்னே போனார். தேவகோபம் நிறைந்த கலசங்களுக்கு வந்தபோது கோயிலில் உட்கார இடம் இல்லை. பூமியின் மேலும் சமுத்திரத்தின் மேலும் ஆறுகளின் மேலும் ஒவ்வொன்றாக ஊற்றப்படுவதை அவர் சொல்லும்போது எங்களுக்குப் பயமாக இருந்தது. உள்ளுக்குள்ளே இனிப்பாகவும் இருந்தது. ஊற்றப்படுவது வேறு யார் மேலோ என்று நினைத்ததால் வந்த இனிப்பு அது.

அந்தச் சமயத்தில் மாடுகளுக்கு வெக்கை வந்தது. அதைக் கண்டவர்களுக்குத் தெரியும். மாடு தீனியை விட்டு நிற்கும், கண்ணில் நீர் ஒழுகும், வாயெல்லாம் புண்ணாகும், பிறகு கழிச்சல் கண்டு ஐந்தாறு நாளில் விழுந்துவிடும். வெக்கை நடமாடும்போது எங்கள் பக்கத்தில் இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் காட்டில் கட்டிய மாடு அந்தக் காட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மாடு வைத்திருக்கிறவன் நோய் கண்ட மாடு கட்டியிருக்கிற கட்டுத்தரைக்குள் கால் வைக்கக் கூடாது. காலோடு நோய் வந்துவிடும் என்பார்கள். மாடு செத்தவனுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியிருந்தால் உறவுமுறையார் எட்டுப் பேர் அவன் கிணற்றுக்குப் போய், மாடு இழுக்கிற பெரிய சாலுக்குப் பதில் சின்னச் சால் ஒன்றை மாட்டி, வடத்தைக் கையால் இழுத்துக் கொடுப்பார்கள். இதில் சாதி சனம், மதம் ஒன்றும் பார்ப்பதில்லை. எல்லாருக்கும் உள்ள வழக்கம்.

ஊரார் அம்மனுக்குக் கும்பம் வைத்து, வழிக்கு வழி வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். கட்டுத்தரை வாசலில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் செருகினார்கள். நாங்கள் கட்டவில்லை. முந்தின வெக்கையின்போது எங்களில் இரண்டு குடும்பம் பயந்துபோய்க் கட்டி, அப்படியே சபையை விட்டுப் போய்விட்டது. அந்தத் துக்கம் எங்களுக்கு இருந்தது. ஆகவே வெக்கை நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வாசலில் ஒரு வேப்பங்கொத்துக்கூட இருக்கக் கூடாதென்று நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம். வேப்பிலை எங்கே தெரிகிறது என்று ஒருவர் வாசலை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் சம்சாரத்தின் அண்ணன் காடு எங்கள் காட்டுக்குக் கிழக்கே. அவர் எனக்கு மச்சான். ஐந்து பிள்ளைகள். ஒரு ஜோடி மாடு, ஒரு கிணறு, கிணற்றடியில் முக்கால் ஏக்கர் ராகி. அரிசி இல்லாத அந்த வருஷத்தில் அந்த ராகிதான் ஏழு பேருக்கும் வருஷச் சாப்பாடு. மச்சான் அதிகம் பேசாதவர். கோயிலில் கதவோரம் உட்காருவார். எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் ஞானஸ்நானம் எடுத்தார். விசுவாசம் அவருக்குக் கொஞ்சம் மேலாக்கத்தான் ஒட்டியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் என்று பார்த்தால் சத்தம் போட்டு ஜெபம் பண்ணமாட்டார்; அதைத் தவிர ஒன்றுமில்லை.

அவருடைய மாடுகளில் ஒன்றுக்கு வெக்கை கண்டது. நாலாம் நாள் சனிக்கிழமை காலையில் அவர் கிளுவை வேலியோரமாக நான் போனேன். கட்டுத்தரை வாசல் நிலையின் மேல் மஞ்சள் துணி ஒன்று தொங்கியது. அதன் மடிப்பில் வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். உள்ளே போகக் கூடாது, மாடு வைத்திருக்கிறேன், அது சரி. வேலிக்கு வெளியே நின்று "மச்சான்" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

சொன்னதைக் கேட்டுக் கோடாலியைக் கீழே வைத்தார்.

"நீரு கண்ணால பாத்தீரா?"

"பார்த்தேனுங்க."

"அவர்ட்ட கேட்டீரா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? நெலை மேல தொங்குது."

அன்று மாலையே மச்சானின் மாடு செத்துப்போன செய்தி வந்தது.

மறுநாள் பிரசங்கத்தில் உபதேசியார் யார் பேரையும் சொல்லவில்லை. கலசம் சமுத்திரத்துக்கு அப்பால் எங்கேயோ ஊற்றப்படுகிறது என்று இருக்க வேண்டாம், நம் நடுவிலேயே ஒரு கட்டுத்தரையில் ஊற்றியாயிற்று, மனந்திரும்பாவிட்டால் மிச்சமும் வரும் என்றார். பேர் எதற்கு? மாடு செத்தது ஒரு வீட்டில்தான். எல்லாத் தலையும் கதவுப் பக்கம் திரும்பியது. மச்சான் முகத்தைத் தாழ்த்தவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஆசீர்வாதம் வரைக்கும் இருந்து, அதை வாங்கிக்கொண்டு, தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை அவருடைய இரண்டாம் மாடும் தீனியை விட்டது. உபதேசியார் சொன்ன மிச்சமும் வந்துவிட்டது என்று சபை முழுக்கப் பேச்சு. பக்கத்து ஊர்களிலிருந்து அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். எனக்கு நடக்கும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது. அந்த வாக்குக்கு நான் ஒரு காரணம் அல்லவா.

புதன்கிழமை மச்சான் வந்தார். நோய் கண்ட வீட்டுக்காரர் என்பதால் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"மாப்ளே, ராகி கதிர் வாங்கற நேரம். தண்ணி உட்டு எட்டு நாள் ஆச்சு. இன்னும் ஒரு வாரம் போனா தட்டுத்தான் மிஞ்சும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எட்டு ஆள் வந்துரும்."

"ஞாயித்துக்கெழமை போகட்டுங்க மச்சான். உபதேசியாருகிட்ட ஒண்ணு கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"தண்ணி எறைக்கறதுக்குங்களா?" என்றார் அவர்.

சித்த நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மற்ற வீடுகளுக்கும் போனாராம். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவர் வீட்டுக்கு விருந்தாட ஒறம்பரை வந்திருந்தது. உண்மையில் எல்லாருக்கும் பயம். கர்த்தர் அடித்த இடத்தில் நாம் போய்த் தண்ணீர் ஊற்றினால் அது அவருக்கு விரோதமாகாதா என்று ஒரு மூப்பர் என்னிடமே கேட்டார். நானும் ஆமாம் போட்டேன்.

என் சம்சாரம் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "ஆள் கேட்டு வந்த எங்கண்ணனுக்குத் தீர்ப்பைக் குடுத்து அனுப்பிப்போட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வரும், பேச்சு வராது.

உபதேசியாருக்கு மட்டும் அந்த வாக்குப் பலித்தது சந்தோஷமாக இல்லை. எல்லாரும் புகழப் புகழ அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. தன்னைப் பார்க்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாராம். வியாழக்கிழமை அவர் தனியாக மச்சான் வீட்டுக்குப் போனார். அவருக்கு மாடு கிடையாது. கட்டுத்தரைக்குள் போவதற்குத் தடை இல்லை. சபையில் உள்ளே போகக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான், பார்த்துக்கொள்ளுங்கள். போனதும் வந்ததும் எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அன்று நான் தண்டவாளத்தை அடித்துவிட்டு உள்ளே போனபோது அவர் மேசைக்குப் பின்னால் நிற்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம், எங்கள் பாய்க்கு அருகில் நின்றார். கையில் வேதம் இல்லை.

"போன ஞாயித்துக்கிழமை நான் இங்க நின்னு சொன்னது பொய்" என்றார்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். மனந்திரும்பச் சொல்லலாமென்றுதான் அந்தக் கட்டுத்தரைக்குப் போனாராம். உள்ளே ஒரு மாடு படுத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து, அதைத் துணியில் தோய்த்து அதன் வாய்ப்புண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். துணி அழுக்கானதும் எழுந்து போய் அலசி, வாசல் நிலையின் மேல் காயப் போட்டார். பழைய துணி ஒன்றுதான் இருந்தது. காய்ந்தால்தான் மறுபடி மருந்து போடலாம். உபதேசியார் அதைப் பார்த்தபடியே நின்றாராம். "இது என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டதற்கு, "புண்ணுக்குங்க சாமி" என்று மட்டும் பதில் வந்ததாம். ஏன் போன வாரமே சொல்லவில்லை என்று கேட்டாராம். "யாரும் கேக்கலீங்களே" என்றாராம் மச்சான்.

இதைச் சொல்லும்போது உபதேசியார் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"அந்தப் புஸ்தகத்தோட முத்திரையை உடைக்கதுக்கு வானத்துலயும் ஆள் இல்ல, பூமியிலயும் ஆள் இல்லன்னு நானே உங்களுக்கு வாசிச்சேன். அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியான ஆண்டவருக்கு மட்டுந்தான் அந்தக் கை உண்டுன்னு வாசிச்சேன். வாசிச்ச நானே கையைப் போட்டு உடைச்சேன். கலசம் யார் மேல ஊத்துதுன்னு சொல்ல நான் யாரு? நாலு வாரம் சபைக்கு எழுதின கடிதத்தைச் சொன்னேன். அதுல ஒண்ணு எனக்கு வந்த கடிதம். நான் பிரிச்சுப் பாக்கல."

எங்கள் தலைகள் தாமாகவே கீழே போயின. எனக்கு மட்டும் வேறே பயம். இப்போது என் பேரைச் சொல்லப் போகிறார் என்றுதான். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. யார் சொன்னது என்று ஒருவரும் தேட வேண்டாம், கேட்டதை விசாரிக்காமல் வாயைத் திறந்தது தன் பாவம், அதற்குப் பங்காளி கிடையாது என்றார். பிறகு கதவோரம் போய் மச்சானுக்கு முன் கை கூப்பி நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கிடுங்க ஐயா. நாளைக்குக் காலையில ஒங்க கிணத்துக் கவலையில வடம் இழுக்க நான் வாறேன். வேற யாரும் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி."

மச்சான் எழுந்து நின்றார். இப்படிப்பட்ட நேரத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிங்க சாமி. நேரத்தோட வந்துருங்க. வெய்யல் ஏறிப்போச்சுன்னா இழுக்க முடியாது" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை விடிந்தபோது கிணற்றடியில் பதினோரு பேர் நின்றோம். இடுப்பு வலிக்காரரும் வந்திருந்தார். மச்சானின் இரண்டாம் மாடும் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. அதைக் காட்டின் மேற்கு மூலையில் புதைத்திருந்தார்கள். சின்னச் சாலை மாட்டி, வடத்தில் முதல் கையாக உபதேசியார் நின்றார். அவர் கை பேனாவும் வேதமும் பிடித்த கை. கோடாலி பிடித்தாலும் வீட்டு விறகுக்குத்தான். மச்சான் சாலின் வால்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, சால் நிறைந்ததும் எங்களைச் சரிவில் இறங்கச் சொல்லுவார். நாலு நடை போனது. ஐந்தாவது நடையில் பழக்கத்தில், மாட்டை ஓட்டுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கி அதட்டிவிட்டார். உடனே, "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி, வாய்ப் பழக்கமுங்க" என்றார்.

"அப்படியே சொல்லும் ஐயா. அப்பத்தான் எனக்கும் நடை பிடிபடுது" என்றார் உபதேசியார்.

இடுப்பு வலிக்காரர், "எங்களைச் சொடுக்கினா கோவம் வரும் பாத்துக்குங்க, நாங்க ஞானஸ்நானம் எடுத்த மாடு" என்றார். சரிவில் இறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்ததில் சால் பாதியில் நின்று கிணற்றுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டது.

சத்தம் கேட்டுத் தெற்குக் காட்டுப் பெரியவர் வந்தார். அம்மனுக்குக் கும்பம் வைத்ததில் முன்னால் நின்றவர் அவர். வாய்க்கால் மேட்டில் நின்றுகொண்டு, "ஏனுங்க உபதேசியாரே, உங்க சாமி மாட்டைக் கொன்னுபோட்டு உங்களைப் பூட்டச் சொல்லிருச்சுங்களா?" என்றார். எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்து வடத்தை விடப் போனார். உபதேசியார் விடவில்லை.

"எங்க சாமி கொல்லல பெரியவரே. கொன்னுதுன்னு நான்தான் சொல்லிட்டேன். அதுக்குத்தான் இழுக்கேன்" என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மறுநாள் தன் வீட்டு ஆள் இருவரை வடம் பிடிக்க அனுப்பிவைத்தார். கடைசி நாளில் கலசம் எப்படி ஊற்றப்படும் என்று உபதேசியார் எத்தனையோ தடவை சந்தையில் படம் விரித்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் அதற்கு நின்றதே இல்லை.

நான் உபதேசியாருக்குப் பின்னால் இரண்டாம் கையாக நின்றேன். வெயில் ஏறுவதற்குள் அவர் உள்ளங்கை கொப்புளித்து உடைந்துவிட்டது. துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார். அது சிவந்தது. மறுநாளும் அதே கையோடு வந்தார். வடத்தில் அவர் பிடித்த இடத்தில் கறை இருந்தது. அடுத்த நடையில் அந்த இடம் என் கைக்கு வரும். எத்தனை நடைதான் அதைப் பிடித்து இழுப்பது? இரண்டாம் நாள் இளைப்பாற உட்கார்ந்தபோது மச்சானை வாகை மரத்துப் பக்கம் கூப்பிட்டேன்.

"மச்சான், அந்தத் துணியைப் பார்த்துப் போய்ச் சொன்னது நானுங்க."

"தெரியும் மாப்ளே."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க வேலியோரம் நின்னதை எங்க ஊட்டுக்காரி பார்த்துட்டா. கூப்புடறதுக்குள்ள போயிட்டீங்க."

"அப்பறம் ஏனுங்க இத்தனை நாளா ஒண்ணும் கேக்கலை?"

"நீங்களே வருவீங்கன்னு இருந்தேன். வந்துட்டீங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை. ஆனா எம் புள்ளைங்களைக் கலசத்து ஊட்டுப் புள்ளைன்னு கூப்பிட்டாங்க மாப்ளே. கூப்பிட்டதெல்லாம் கோயில்ல உக்கார்றவங்க. எங்கிட்ட இந்த மரத்தடியில சொன்னா அவங்களுக்கு எப்படிக் கேக்கும்? உபதேசியார் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு, அது அவரு மனசு. நம்ம பாரத்தையும் அவரே சுமக்கோணுமா?" என்றார்.

அவர் பேசி நான் கேட்டதில் அதுதான் நீளமான பேச்சு. எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு அப்படிக் குத்தவில்லை. விசுவாசம் மேலாக்க ஒட்டியிருக்கிறது என்று நான் எடை போட்ட ஆள் அவர்.

அந்த வாரம் முழுக்க வடம் இழுத்தேன். அது ஒன்றும் கஷ்டமில்லை. ஞாயிறு காலையில் தண்டவாளத்தை அடிக்கத்தான் கை வரவில்லை. மூப்பன் என்கிற மரியாதை என்ன ஆகும், பிள்ளைகளுக்குப் பெண் கொடுப்பார்களா என்றெல்லாம் யோசனை. கடைசிப் பாகத்தில் ஒன்று எழுதியிருக்கிறதே, கலசம் ஊற்ற ஊற்ற மனுஷர் நாக்கைக் கடித்துக்கொண்டார்களே தவிர மனந்திரும்பவில்லை என்று. அது எத்தனை சுலபம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. இடிக்கும் நெருப்புக்கும் அசையாத நெஞ்சு ஒன்று மனுஷனுக்கு இருக்கிறது. அதை அசைத்தது எனக்கு எது என்று கேட்டால், வடத்தில் இருந்த அந்தக் கறையும், வாகை மரத்தடியில் கேட்ட அந்தக் கேள்வியும்தான். ஆண்டவர் என்னிடம் அந்த வழியாகத்தான் வந்தார் என்று நம்புகிறேன்.

ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்றேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்பது போலக் கையைத் தூக்கினார். கையில் கட்டு இருந்தது. நான் நிறுத்தவில்லை. துணியைப் பார்த்தது, கேட்காமல் போனது, ஆள் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியது, உபதேசியார் பழி ஏற்றபோது வாயை மூடி உட்கார்ந்திருந்தது எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து உட்கார்ந்தபோது பக்கத்திலிருந்த மூப்பர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். அந்த இடைவெளியில் உபதேசியார் மேசைக்குப் பின்னாலிருந்து வந்து பாயில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணினார். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை.

அவர் எங்களிடம் இன்னும் மூன்று வருஷம் இருந்தார். பிற்பாடு அந்தக் கடைசிப் பாகத்தை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார். அப்போது ஏழு கடிதங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. யாரும் கொட்டாவி விடவில்லை. மிருகம் எப்போது என்று யாரும் கேட்கவும் இல்லை. அவரைப் போல வல்லமையாகப் பேசுகிறவர்களை நான் அப்புறம் கேட்டிருக்கிறேன். தன் வாயிலிருந்து போன தீர்ப்பின் பின்னாலேயே ஓடி அதைத் திருப்பிக் கொண்டுவந்தவரை வேறே எங்கும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் ராகிக்கு மூன்றாம் தண்ணீர். வாய்க்கால் கடைசியில் இருந்த ஏழெட்டுப் பாத்தி காய்ந்தது காய்ந்ததுதான். மீதியெல்லாம் கதிர் வெளியே வந்து விரல் மடக்க ஆரம்பித்திருந்தது. நாங்கள் வடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, என் சம்சாரம் தலையில் பெரிய சட்டியும் கையில் மோர்க் குடுவையுமாக வரப்பு மேல் வந்தாள். தன் அண்ணன் காட்டில் அவள் கால் வைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சட்டியை இறக்கி, களியை உருட்டி உருட்டி இலையில் வைத்தாள். முதல் உருண்டை உபதேசியாருக்கு. அவரால் விரலை மடக்க முடியாததால் அதைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி வைத்தாள். நிழல் கொஞ்சம்தான் இருந்தது; அதில் நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, சித்தெ அக்கட்டால நகருங்க. எங்கண்ணன் நிக்குது பாருங்க" என்றாள்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய பேச்சு அது. நான் நகர்ந்தேன். மச்சான் உட்கார்ந்தார்.